ஆறாம் லயத்து மரணச் செய்தி

அப்பா இறந்துவிட்டதாகத் தனலெட்சுமி எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் பலகைக் கட்டிலில் கிடந்த அப்பா வெந்நீர் கேட்டார்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். அடுப்பில் நீர் ஆறிப்போயிருந்தது. இரண்டு சுள்ளியை முறித்துப் போட்டு ஊதினாள். கண் எரிந்தது. புகைக்குத்தான் எரிகிறது என்று அம்மா நினைத்துக்கொள்ளட்டும் என்று நன்றாகவே துடைத்துக்கொண்டாள்.

"விடிஞ்சும் விடியாம என்னம்மா எழுதுற?" என்றார் அப்பா. பதினோரு நாள் காய்ச்சலில் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"பள்ளிக்கூடப் பத்திரிகைப்பா. இன்னிக்குத்தான் வெளியாகுது."

"எழுது எழுது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மலாயாவில் பாலோ ரயில் நிலையத்திலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். சதாசிவம் வாத்தியார் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். இரண்டே பிரதி. ஒன்று பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும். இன்னொன்று தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகக் கைமாறிப் போகும். படிக்கத் தெரிந்தவர் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். செய்திப் பக்கம் முழுவதும் தனலெட்சுமியுடையது. வயது பதின்மூன்று.

முதல் இதழிலேயே அவள் மானம் கப்பலேறியிருந்தது. நாலாம் லயத்து ராசம்மாவின் ஆட்டைப் புலி அடித்துவிட்டதாகக் குழாயடியில் கேட்டதை வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மூன்றாம் நாள் ஆடு தானாக வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அதற்குப் பத்திரிகை ஆடு என்றே பெயர். ராசம்மா பார்க்கிற இடத்திலெல்லாம், "புலி சௌக்கியமா?" என்று கேட்டாள். தனலெட்சுமி இரண்டு வாரம் குழாயடிக்கே போகவில்லை. பிறகு வேறு மாதிரி எழுதத் தொடங்கினாள். நேரில் போனாள். மூன்று பேரிடமாவது கேட்டாள். நம்பர் மூணு கிணற்றில் பாம்பு செத்துக் கிடக்கிறது என்றால் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். ஒன்றரை வருஷத்தில், "தனம் எழுதிச்சா? அப்பச் சரி" என்று சொல்கிற அளவுக்கு ஆகியிருந்தது. அது அவளுக்குப் பெரிய பெருமை. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

"உயிரோட இருக்கிற ஆளச் செத்துட்டதாச் சொன்னா ஆயுசு கெட்டியாகும்" என்று நேற்று முன்னிரவில் அம்மா பிடித்துக்கொண்டாள். "எங்க மாமனுக்கு அப்பிடித்தான் ஊருக்குக் காயிதம் போட்டாங்க. அதுக்கப்புறம் பதினாறு வருசம் இருந்தாரு."

"அப்ப நீயே போயிச் சொல்லும்மா."

"நான் சொன்னா எவ நம்புவா? நம்பினாத்தான் பலிக்கும். நீ எழுதினா தோட்டமே நம்பும்."

"நான் பொய்யி எழுதுறதில்லம்மா."

அம்மா மகளை ஒன்றும் திட்டவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நாலு வரி. உங்கப்பனுக்காக நாலு வரி கேக்குறேன்" என்று மட்டும் சொன்னாள். தனலெட்சுமி ராத்திரி முழுக்க அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். விடியும்போது மைக்கூட்டைத் திறந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். படித்தார். அவளைப் பார்த்தார். அவருக்கும் அந்த நம்பிக்கை தெரியாததல்ல. ஒன்றும் கேட்காமல் தானே ஆணியில் மாட்டினார். இன்னொரு பிரதியை முதல் லயத்தில் கொடுத்துவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கட்டிலில் அப்பா கண்ணை விழித்துப் பார்ப்பதைக் கண்டு வாயடைத்து நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கிருஷ்ணம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஐயோ, போயிட்டாரே" என்று வாசலைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினாள். "நேத்துக்கூடப் பேசினாரே."

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். அழ வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள். ராசம்மா கட்டிலருகில் வந்து நின்று, "ஐயோ அலமாக், நல்ல மனுசன்லா. எப்பவோ வாங்கின மண்வெட்டியத் திருப்பிக் குடுக்காமலே போயிட்டாரு" என்றாள். அப்பாவின் வயிறு குலுங்கியது. பதினோரு நாளில் அன்றுதான் அவர் சிரித்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் காளியம்மன் கோயிலுக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது மகளின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள்.

தனலெட்சுமிக்கே அப்போது நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவேளை பிழைத்துக்கொள்வார்.

எல்லோரும் போன பிறகு அப்பா கூப்பிட்டார். "என்ன எழுதினன்னு வாசி. நானும் கேக்குறேன்."

"வேணாம்ப்பா."

"எஞ்சாவ நான் கேக்கக்கூடாதா?"

எழுதிப் பழகிய தாள் இருந்தது. எடுத்து வாசித்தாள். "நமது தோட்டம் ஆறாம் லயத்தில் வசித்த பால்வெட்டுத் தொழிலாளி வீரமுத்து, வயது நாற்பத்திரண்டு, காய்ச்சலால் இன்று காலை இறந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் இத்தோட்டத்தில் உழைத்தவர். மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்."

"அவ்வளவுதானா?"

"இடம் இல்லப்பா."

"ராசம்மா ஆட்டுக்கு ஒரு பக்கம் எழுதின."

அவள் சிரிக்க முயன்றாள். அப்பா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கம்மா ஏமாந்துட்டா, தனம்" என்றார். "இது பலிக்காது."

"ஏம்ப்பா?"

"நீ பொய்யே எழுதல. வீரமுத்து செத்தது நெசம்."

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அவள் கையை எடுத்துக் கீழே வைத்தார்.

"வீரமுத்து எங்கண்ணன். அவன்தான் மலாயாவுக்கு வரவேண்டியவன். நாகப்பட்டினத்துக்கு வழியனுப்பக் கூட வந்தேன். போற வழியில ஒரு சத்திரத்துல வாந்திபேதி கண்டு ஒரே ராத்திரில போயிட்டான். கங்காணி என்னயப் பாத்தான். தாள்ல பேரு எழுதியாச்சு, ஆளுதான் கொறையுது, நீ ஏறுன்னான். ஏறிட்டேன்."

"அப்ப உங்க பேரு?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். "லெட்சுமணன்" என்றார். யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "தாள்ல இருக்கிற வயசும் அவன் வயசுதான். எனக்கு முப்பத்தொம்பது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துல சொன்னா கப்பல் ஏத்தி அனுப்பிருவாங்கன்னு பயம். அப்பறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. விடிகாலையில ஆளக் கணக்கெடுக்கிற பெரட்டுல தெனமும் அவன் பேரக் கூப்பிட்டாங்க, நானும் இருக்கேன்னேன். சாயங்காலம் அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ சொல்லாத."

தனலெட்சுமிக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. செய்தி தவறான ஆளுக்குப் போய்விட்டது. அது ஒன்றுதான் நின்றது. சுவரில் தொங்குகிற தாளில் அப்பாவின் சொந்தப் பெயரை எழுதினால் போதும். இரண்டு பேர் படித்தால்கூடப் போதும்.

"இந்தா வந்துர்றேன்ப்பா" என்று மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

ரப்பர் பால் வடியும் கித்தா மரங்களுக்கு நடுவே அரை மைல். ஞாயிற்றுக்கிழமையானதால் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. காலையில் பத்திரிகையை மாட்டிய கையோடு வாத்தியாரும் பாலோவுக்குப் போயிருந்தார். தாளை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்து மண்டியிட்டாள். பழைய நாலு வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினாள். லெட்சுமணன், வயது முப்பத்தொன்பது, ஆறாம் லயம், இன்று இறந்தார். தன் வாழ்நாளில் எந்தப் பொய்யையும் அவள் இத்தனை ஆசையோடு எழுதியதில்லை. எழுதி முடித்தபோது பாலோ பக்கம் ரயில் ஊதியது. இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்ததால், அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்றும் சேர்த்தாள்.

மாட்டிவிட்டுப் பாதி வழி வருவதற்குள் ஆறாம் லயத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. காலையில் கேட்ட சத்தம் மாதிரி இல்லை. அப்படியும் மற்ற லயத்துக்காரர்கள் யாரும் வெளியே வரவில்லை. ஐந்தாம் லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னும் அழுவுறாங்களா? பொல்லாத ஆளுங்கதான்" என்றாள். தனலெட்சுமி அவளைத் தாண்டி ஓடினாள்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். கோயில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கிருஷ்ணம்மா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றாள் தனலெட்சுமி.

"இப்பத்தாம்மா."

"ரயிலு ஊதினதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"என்னம்மா கேக்குற?"

"சொல்லுங்கக்கா. ரயிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

கிருஷ்ணம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மா அவர் கண் செருகியபோதுதான் உள்ளே நுழைந்திருந்தாள், எந்த ரயிலும் அவள் காதில் விழவில்லை. தண்ணீர் கேட்டாரா, பேசினாரா என்றெல்லாம் தனலெட்சுமி கேட்கவில்லை. அவள் எழுதியபோது அவர் மூச்சு இருந்தால் அது பொய். இல்லாவிட்டால் அது செய்தி. பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் வெறிகொண்டவள் போல விரும்பினாள். பொய்யாக இருந்தும் பலிக்கவில்லையே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்போதுதான் அழுதாள்.

நெசமாகவே போய்விட்டார் என்று தோட்டம் நம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. ராசம்மா வந்து நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி புதைப்பதற்கு உத்தரவுச் சீட்டு எழுத வந்தார். அம்மாவிடம், "புருசன் பேரச் சொல்லும்மா" என்றார்.

புருஷன் பெயரை அம்மா வாயால் சொல்லமாட்டாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கூட மகளைத்தான் சொல்லச் சொல்வாள். இப்போதும் தலையைத் திருப்பித் தனலெட்சுமியைப் பார்த்தாள். கிராணியும் பார்த்தார். பெரட்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அதில் லெட்சுமணன் என்று யாரும் இல்லை. இல்லாத ஆளின் மனைவிக்கும் மகளுக்கும் இந்த லயத்தில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டால் போதும்.

"வீரமுத்து" என்றாள் தனலெட்சுமி.

"வயசு?"

"நாப்பத்திரெண்டு."

மறுநாள் காலை எடுத்தார்கள். தலை முழுகிவிட்டு வந்து ஈரச் சேலையோடு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி வீட்டுக்குள் வந்திருந்தது. மகளைப் பார்க்காமலே பேசினாள்.

"உம்பேரச் சொன்னாராம். கிருஷ்ணம்மா சொன்னா. ரெண்டு தடவ கூப்பிட்டாராம். அந்த நேரத்துல நீ எங்க ஓடுன?"

தனலெட்சுமி எழுந்து வெளியே போனாள். அரை மணியில் சுவர்த் தாளோடு திரும்பி வந்தாள். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து கீழேயிருந்த வரிகளை மட்டும் வாசித்தாள். "லெட்சுமணன், வயது முப்பத்தொன்பது, ஆறாம் லயம், இன்று இறந்தார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார்."

"யாரு அது?"

"அப்பா."

பிறகு சத்திரத்தைச் சொன்னாள், கங்காணியைச் சொன்னாள், சாயங்காலம் தானே சொல்வதாக அப்பா இருந்ததையும் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே திரும்பவும் பிழிந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ அடுப்பு பற்றவைக்கும் புகை உள்ளே வந்தது.

"இன்னொரு தடவ வாசி" என்றாள்.

வாசித்தாள்.

"மத்ததெல்லாம் வேணாம்" என்றாள் அம்மா. "மொதல்ல வர்ற அந்தப் பேர மட்டும் வாசி."