பானெட்டில் நாலு ஓட்டை

கார்லைல் கிட்டன்ஸ் தன் காரின் பானெட்டைக் கழற்றிக் கொல்லையில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் போட்டிருந்தான். அந்தப் பழைய ஜப்பான் காருக்கு இன்னொரு பானெட் பார்படோஸ் முழுக்க அலைந்தாலும் அகப்படாது. தப்பாக வெட்டினால் வெட்டினதுதான்.

வெட்டாமலும் இருக்க முடியாது. போன பந்தயத்தில் செயின்ட் ஜோசப் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, டேஷ்போர்டுக்கு அடியில் போகும் ரப்பர் குழாய் வெடித்து, வெந்நீர் அவன் மனைவி ஹயசிந்தின் காலில் கொட்டிவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தடுத்த வளைவுகளைச் சொல்கிறவள் அவள்தான். "சூட்டு ஊசி சிவப்புக்குப் போயிருச்சு, நிறுத்து" என்றாள். இன்னும் ஒரு வளைவுதானே என்று இவன் மிதித்தான். அந்த ஒரு வளைவில்தான் குழாய் வெடித்தது.

புண் ஆறி, அவள் மீன் சந்தைக்கு வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். காரில் மட்டும் ஏறவில்லை. "இனிமே உன் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி. கத்தியிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பான். வேறொருவனை ஏற்றிப் பார்த்தான். அவன் சொன்ன வளைவெல்லாம் காதில் விழுந்ததே தவிர, ரோடு கண்ணில் வரவில்லை.

ஆகவே இந்த வேலை. சூடு வெளியேற வழி வைத்துவிட்டால் ஹயசிந்த் ஏறிவிடுவாள் என்பது அவன் கணக்கு.

தகர வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு ஃபிட்ஸ்ராயின் தலை முளைத்தது. மினி பஸ் ஓட்டுகிறவன்.

"என்ன கேப்டன், அடுப்பு செய்யுறியா? மீன் சுட்டா ஒரு துண்டு இந்தப் பக்கம் போடு."

"உன் பஸ்ஸுல ஜனத்தைப் போட்டு வேக வைக்கிறியே, அதுக்கு இது தேவலை."

"அவங்க காசு குடுத்து வேகுறாங்கப்பா. உன் பொண்டாட்டி ஓசியில வெந்தா."

கார்லைல் ஸ்கேலை அழுத்திக் கோடு போட்டான்.

ஹயசிந்த் கறிப்பலாக்காயைத் தோல் சீவியபடி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். கோட்டைப் பார்த்தாள்.

"முன்கண்ணாடிகிட்டயா வெட்டப் போற?"

"பின்னே? பானெட்டுலயே உசரமான எடம் அதான். சூடு மேலதான ஏறும்."

கார்லைல் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். அங்கே வெக்கை நேராகக் கூரைக்கு ஏறி, உச்சித் துவாரம் வழியாகப் போய்விடும். சூட்டைப் பற்றி அவனுக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை.

"கொதிகலன் ஒரே எடத்துல நிக்குது. இது ஓடுது" என்றாள் ஹயசிந்த். "காத்து எங்க போவுதுன்னு பாக்க, படகுக்காரங்க பாய்ல நூல் கட்டி வெச்சிருப்பாங்கல்ல? அது மாதிரி பானெட் பூரா நூல் ஒட்டி ஒரு ஓட்டு ஓட்டிப் பாரு. அப்புறம் வெட்டு."

"மீன் அறுக்குற எடத்துல படிச்ச காத்தா? சூட்டோட குடும்பம் நடத்துறவன் நான்."

"சரி" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வேலையில் அவன் குறை வைக்கவில்லை. பானெட்டைப் புரட்டி, அடியில் ஓடும் தாங்குபட்டைகளில் ரம்பம் படாத இடம்தானா என்று பார்த்துக்கொண்டான். பெயின்ட் உரியாமலிருக்க மேலே காகித டேப் ஒட்டினான். வெட்ட வேண்டிய இரண்டு கட்டங்களுக்கும் மூலைக்கு மூலை துளை போட்டான். கூர்மூலையாக விட்டால் அதிர்வில் தகடு அங்கிருந்துதான் கிழியும். பிறகு மின்ரம்பத்தை வைத்தான். தகடு அலறியது. தெருநாய்கள் பதில் சொல்லின. ஓரங்களை அரத்தால் ராவி, உப்புக்காற்று தின்னாமலிருக்கத் துருமருந்து பூசி, பின்பக்கம் பார்த்துச் சாய்ந்த அலுமினியப் பட்டைகளை ரிவெட் அடித்து இறுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியதும் பட்டைகளுக்கிடையே கானல் நெளிந்தது.

"பாத்தியா?" என்றான். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். ஏறவில்லை.

தனியாக ஏற்றத்துக்குப் போனான். பாதி மலை தாண்டுவதற்குள் ஊசி முன்னைவிட வேகமாக ஏறியது. வண்டிக்குள் சுட்ட எண்ணெய் நாற்றம் அடித்தது. ஓரம் கட்டி, எஞ்சின் ஆறியதும் வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்து, அவளுடைய தையல் டப்பாவிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்தான். துண்டு துண்டாக நறுக்கி பானெட் முழுக்க ஒட்டினான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபிட்ஸ்ராய், "கல்யாணக் காரா கேப்டன்?" என்று கேட்டான்.

வேகம் எடுத்ததும் நூல்கள் சொல்லிவிட்டன. எதிர்க்காற்று கண்ணாடியில் முட்டி, போக்கிடமில்லாமல் அவன் வெட்டிய ஓட்டைகளுக்குள்ளேயே நுழைந்துகொண்டிருந்தது. அங்கிருந்த நூலெல்லாம் பட்டைகளுக்கிடையே இழுபட்டுக் கிடந்தது. சூடு போவதற்கு வைத்த வழியில் காற்று உள்ளே வந்து சூட்டை எஞ்சின் மேலேயே போட்டு அமுக்கியது. முன்பக்கம், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் மட்டும் நூல்கள் தகட்டைவிட்டு எழும்பித் துடித்தன; காற்று மேலே இழுத்தது அங்கேதான்.

கொல்லைக்குத் திரும்பியதும் பேனாவை எடுத்துப் போய் அடுப்பங்கரையில் நின்றான்.

"தப்பாத்தான் வெட்டிட்டேன். நீ வந்து கோடு போடு."

"நான் எதுக்கு? நூல் காட்டியிருக்குமே."

"காட்டுச்சு. நீயும் சொன்ன. அப்பவும் நான் கேக்கல."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த 'அப்பவும்' எந்த நாளைச் சொல்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மீனுக்குக் கத்தி வைக்கிற அதே நிதானத்தில் கோடு இழுத்தாள். பழைய ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, புதிதாக இரண்டு வெட்ட அடுத்த ஞாயிறு ஆகிவிட்டது. ஒட்டுப்போட்ட பானெட் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "மலைக்குப் போ" என்றாள். வழியில் வளைவு ஒன்றையும் சொல்லவில்லை. ஏற்றம் தொடங்கியது. ஊசி நடுவிலேயே நின்றது. புதுப் பட்டைகளுக்கு மேலே வெக்கை பின்னோக்கிப் பறந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவன் நினைத்த இடம் மலையிலேயே செங்குத்தான இடம். அங்கே வேகத்தை விட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

"நிறுத்து" என்றாள்.

கால் பிரேக்குக்குப் போன பிறகுதான் கண் ஊசிக்குப் போனது. அது அதே நடுவில் இருந்தது. கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, சுற்றிக்கொண்டு போகும்போது இருவருடைய தாயையும் விசாரித்துவிட்டுப் போனான்.

கார்லைல் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. என்னவென்று கேட்கவுமில்லை.

ஹயசிந்த் இருக்கை வாரை இழுத்து இன்னும் ஒரு பிடி இறுக்கினாள். ரோட்டைப் பார்த்தாள்.

"அம்பது கெஜம். அப்புறம் வலது, ரொம்ப இறுக்கம். உள்பக்கம் சரளை கெடக்கும்" என்றாள். "போ."