எல்லைக்குப் போகும் சாக்கு

சாக்குக் கிடங்கில் பொழுது விடிவதற்கு முன்பே தூசி எழுந்துவிடும். உதறிய கோணிகளின் புளி வாடை நெஞ்சில் இறங்க, கம்பைநல்லூர்ப் பெண்கள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு தைக்க உட்காருவார்கள். ஒரு சாக்குக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையிலிருந்து கோணி ஊசியை ஓட்டிவந்து, நடுவில் இரண்டு சணலையும் சேர்த்து முடிய வேண்டும். தனியாளாகப் போட்ட முடிச்சு பாரம் ஏறியதும் விட்டுக்கொள்ளும். பாஞ்சாலிக்கு எதிர்முனையில் எப்போதும் ஜான் பீதான்.

அது எண்பத்தேழு ஜனவரி. மழை பொய்த்துக் காட்டுவேலை அற்றுப்போயிருந்தது. பாகிஸ்தான் எல்லையில் நம் அரசாங்கம் பட்டாளத்தைக் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டிருந்தது. கிடங்குக்கு மண்மூட்டைச் சாக்கு ஆர்டர் வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. பாஞ்சாலியின் மகன் சென்றாயன் அந்த எல்லையில்தான் நின்றான். பைத்தியக்காரி, யாரும் கேட்காத இரட்டைத் தையலைப் போட்டாள். மகன் மேல் குண்டு படக்கூடாதாம்.

ஜான் பீயின் அக்காள் கராச்சியில் வாழ்க்கைப்பட்டவள். தைத்துக்கொண்டே ஜான் பீ ஒருநாள் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, மூட்டை அடுக்கறதே சண்டைக்குத்தான். அந்தாண்டையும் எவளோ ஒருத்தி இப்படித் தைச்சிட்டிருப்பா. எங்கக்காளாக்கூட இருக்கும்."

பாஞ்சாலிக்கு ஊசி விரலில் ஏறியது. தன் கையாலேயே மகனுக்குக் குழி தோண்டிவிட்டோமே என்று அன்று முழுக்க அழுதாள்.

தொழிலாளர் சங்கத்து மாதையன், பட்டாளத்தைத் திருப்பி அழைத்துப் பேச்சு நடத்தச் சொல்லி ஊர்வலம் போகலாம் என்றபோது, முதலில் தலையாட்டியவள் அவள்தான். செய்தி முதலாளி காளியப்பன் காதுக்கும் போனது. ஊர்வலத்தன்று காலையில் அவர் ஜான் பீக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாகிஸ்தான்ல சொந்தம் வச்சிருக்கறவ கை பட்ட சாக்கு பட்டாளத்துக்குப் போவக்கூடாது. நீ எந்திரி."

"அவ போய்ட்டா என் சாக்கை யாருங்க முடியறது?" என்றாள் பாஞ்சாலி.

"நீ உம் மவனுக்குத்தானே தைக்கற? பெத்தவளாட்டம் பேசு."

"பெத்தவளாத்தாங்க பேசறேன். எம்மவன் மூட்டைக்குப் பின்னால நிக்க வேணாம். வூடு வந்து சேரட்டும்."

ஊர்வலத்துக்குப் போகிறவர்களுக்கு இனி இங்கே வேலை இல்லை, நாளைக்கு எங்கே போய்ச் சோறு தின்கிறீர்கள் பார்க்கலாம் என்றார் அவர். ஊரில் வேறு வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ராமக்காள் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவள். அவள்தான் முதலில் ஊசியைக் கீழே வைத்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். பாதி தைத்த சாக்குகள் வாய் பிளந்து கிடந்தன.

பஸ் நிலையத்தில் போலீஸ் ஜீப் நின்றது. துரோகிகள் என்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன் கத்தினான். வீட்டில் விரித்துப் படுக்கும் பழஞ்சாக்குகள் இரண்டைக் கிழித்து விரித்து, மாதையன் கரியால் எழுதினான்: சண்டை வேண்டாம், பேசு. இரண்டு துண்டையும் ஒரே பதாகையாக இணைக்க வேண்டியிருந்தது. பாஞ்சாலி ஒரு முனையில் உட்கார்ந்தாள், ஜான் பீ மறுமுனையில். சென்றாயனிடமிருந்து இன்னும் கடுதாசி இல்லை. அடுப்பில் இன்றைக்கு என்ன ஏற்றுவது என்பதும் தெரியவில்லை.

நடுவில் வந்ததும் பாஞ்சாலி தன் சணல் முனையை நீட்டினாள். ஜான் பீ அவள் சணலையும் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து இறுக்கினாள்.

ராமக்காளும் இன்னொருத்தியும் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். காற்று பலமாக இழுத்தது. முடிச்சு விடவில்லை. பெண்கள் ஜீப்பைத் தாண்டி நடந்தார்கள்.