மீன்குளத்தில் நின்ற பல்லக்கு

அம்மன் மீன்குளத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஆயிரம் செல்போன்கள் அப்படித்தான் சொல்லின. ஆயிரம் பேர் அதை நம்பிக் குளத்தைச் சுற்றி நின்றார்கள். பல்லக்கு மட்டும் அங்கே இல்லை.

கடல் தெய்வமான மாட்சூ அம்மனின் பல்லக்கு எந்த வழியில் போகும் என்று தூக்குகிறவர்களுக்கே தெரியாது. சந்தி வந்தால் பல்லக்கு ஒரு பக்கம் இழுக்கும், அந்தப் பக்கம் ஓடுவார்கள். ஒரு வருஷம் பெட்ரோல் பங்க்குக்குள் புகுந்து, காற்றடிக்கும் இடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. அதனால் கோயில்காரர்கள் பல்லக்கின் கூரைக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். அது செயற்கைக்கோள்களைப் பார்த்து இடத்தைச் சொல்லும். பக்தர்கள் செல்போனில் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பின்னால் ஓடுவார்கள். இந்த வருஷக் கருவி புதிது. செய்தவள் வான்-ஜூ. ஸின்சூ நகரத்தில் மூன்று பேர் வேலை செய்யும் கம்பெனி அவளுடையது. கருவியின் உள்ளும் புறமும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளும் அந்தப் புள்ளியை நம்பித்தான் அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இந்தக் குளத்துக்கு வந்திருந்தாள்.

"உன் மெஷின் சொன்ன எடத்துலதான நிக்கிறோம்?" என்றாள் அம்மா. "தண்ணிக்குள்ள எறங்கிப் பாக்கட்டுமா?"

"கொஞ்சம் சும்மா இரும்மா."

"நான் சும்மாதான்டி இருக்கேன். முட்டிதான் பேசுது."

அந்த முட்டிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. அம்மா இதுவரை மூன்று முறை தேதியைத் தள்ளிப் போட்டிருந்தாள். நான்காவது முறை தள்ளினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் ஒன்று சொல்லிவிட்டாள். அம்மன் அருளுக்காகச் சாலையில் படுத்து, பல்லக்கு தன்மேல் கடந்து போகாமல் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மாட்டாள். தாள் வான்-ஜூவின் பையில் இருந்தது. மாலை ஐந்துக்குள் கையெழுத்தோடு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இப்போது மணி பதினொன்றரை.

குளத்தங்கரையில் திருவிழாவே தொடங்கிவிட்டது. ஒரு கிழவர் குறி கேட்கும் பிறைக்கட்டைகளைத் தரையில் உருட்டி, "தாயே, தண்ணிக்குள்ளயா இருக்க?" என்று கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்று விழுந்தது. கூட்டம் ஊதுபத்தியைக் கரைச் சேற்றில் நடத் தொடங்கியது. குளத்துக்காரன் அ-தாவ் முதலில் மிரண்டான், பிறகு நெகிழ்ந்தான், கடைசியில் அடுப்பை மூட்டி வந்தவர்களுக்கெல்லாம் பால்மீனை இலவசமாகச் சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தான்.

"அக்கா, சாப்பிடுங்க. அம்மனே பாத்து வளத்த மீனு."

"நேத்து வரைக்கும் யாரு வளத்தா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

வான்-ஜூ பல்லக்குத் தூக்கிகளின் தலைவனுக்குப் போன் போட்டாள். தாளச் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தினான்.

"ஓடிக்கிட்டு இருக்கோம் தங்கச்சி!"

"எங்கண்ணே?"

"முன்னால!"

"பக்கத்துல என்ன இருக்கு?"

"வெத்தலக்கடை! இந்தா, தாண்டிட்டோம்!"

போன் அறுந்தது. சாங்ஹ்வா மாவட்டத்தில் வெற்றிலைக்கடை இல்லாத சாலையே கிடையாது.

அவள் மீன் தீவனத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மடிக்கணினியைத் திறந்தாள். பல்லக்கிலிருந்து கருவி அனுப்பிய குறிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. விடியற்காலையில் பல்லக்கு இந்தக் கரையில் சற்று இளைப்பாறியிருக்கிறது. அப்போது பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். அணைந்து எழுந்த கருவிக்கு வானம் மறந்துவிட்டது; சற்றுப் பிசகிக் குளத்துக்குள் விழுந்த கடைசிப் புள்ளியே திரையில் நின்றுவிட்டது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை சர்வர் கொடுத்தால் பத்தே நொடியில் அது இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கொடுக்காவிட்டால் அதுவே வானத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஜரிகைக் கூரைக்கடியில் குலுங்கிக்கொண்டு, சந்துக்குச் சந்து ஓடிக்கொண்டு, அது எதைக் கேட்கும், எதை எழுதும்? ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்வரிடம் போய்ப் பட்டியல் கேட்டிருக்கிறது. சர்வர் ஒவ்வொரு முறையும் 401 என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. நீ யார், உன்னைத் தெரியாது என்பதன் சுருக்கம் அது.

நேற்று வரை தெரிந்திருந்ததே? நேற்று வரை ஓடியது அவள் கம்பெனியின் சோதனை அனுமதி. இன்று காலையிலிருந்து கோயிலின் சொந்த அனுமதி. அதற்கான படிவத்தைக் கோயில் அலுவலகத்து ஹோங் மாமா தன் கையாலேயே நிரப்பியிருந்தார். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அனுமதி முடியும் நாள்: 0115-03-23.

வான்-ஜூவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா, குடியரசு பிறந்த 1912-ஐ முதல் வருஷமாக வைத்து எண்ணும் குடியரசு ஆண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார். ஊரில் அடையாள அட்டை முதல் ரசீது வரை எல்லோரும் எழுதுவது அப்படித்தான். சர்வருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதன் பார்வையில் அம்மனின் அனுமதி ஹான் பேரரசர்கள் காலத்திலேயே தீர்ந்துவிட்டது.

போன் போட்டாள். "மாமா, வருஷம் என்ன போட்டீங்க?"

"நூத்திப் பதினஞ்சு. ஏன், வருஷம் மாறிடுச்சா?"

"மாறிடுச்சு மாமா! ஆயிரத்தித் தொள்ளாயிரம் வருஷம் பின்னால போயிட்டோம்! கடுதாசியே அப்பத்தான் கண்டுபிடிச்சாங்க!"

"பட்டப்பகல்லயே குடிச்சிருக்கியாம்மா?"

அவள் போனை வைத்துவிட்டாள். வருஷத்தை 2026 என்று திருத்தினாள். அ-தாவ் போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தோளைப் பிடித்து உலுக்கி, "அஞ்சே நிமிஷம்!" என்றாள். அ-தாவ் அதைக் கேட்டுக் கூட்டத்துக்கு அறிவித்தான். "அஞ்சே நிமிஷம்! அம்மன் அஞ்சு நிமிஷத்துல எந்திரிக்கிறா!" ஆயிரம் பேர் எண்ண ஆரம்பித்தார்கள்.

ஐந்து நிமிடம் ஆனது. 401.

"எந்திரிக்கலயே" என்றான் அ-தாவ்.

"உன் சத்தத்துல தூக்கம் கலைஞ்சு திரும்பிப் படுத்திருப்பா" என்றாள் அம்மா.

வான்-ஜூ மறுபடி மடிக்கணினிமேல் குனிந்தாள். சர்வர் கருவியை அடையாளம் காணும் சாவி எழுத்து தப்பாயிருக்கலாம். கருவியில் ஒட்டிய சீட்டைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தோடு ஒப்பிட, மடிக்கணினித் திரையில் இருக்கும் முப்பத்திரண்டு எழுத்துகளை அ-தாவைப் படிக்கச் சொன்னாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து, ராகம் போட்டுப் படித்தான். பின்னால் நின்றவர்கள் ஏதோ மந்திரம் என்று கைகூப்பினார்கள். இரண்டு பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். கடைசி எழுத்து முடிந்ததும் யாரோ மணி அடித்தார்.

சாவி சரியாகவே இருந்தது. கருவியின் கடிகாரம் சரி. சர்வரின் சான்றிதழ் சரி. மணி பன்னிரண்டே கால். அனுமதி காலாவதி என்றே சர்வர் சாதித்தது. அவள் மறுபடி ஹோங் மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, மார்ச் இருபத்திமூணு போட்டிருக்கீங்க. மார்ச் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. ஏன் அப்படிப் போட்டீங்க?"

"மார்ச்சா? நான் எங்க மார்ச் போட்டேன்? மூணாம் மாசம் இருபத்திமூணாம் நாள்."

"அதுதானே மாமா மார்ச்!"

 மாமா, கோயிலுக்குள் செருப்போடு வந்தவளிடம் பேசுவதுபோல் பேசினார். "ஏம்மா, மூணாம் மாசம் இருபத்திமூணு அம்மன் பொறந்த நாளு. நெலாக் கணக்கு. இன்னும் பத்து நாள் இருக்கு. கோயில்ல வேற எந்த நாளப் போடுவாங்க? உங்க அம்மா உனக்கு இதக்கூடச் சொல்லித் தரலயா?"

வான்-ஜூ திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பாதி கேட்டிருந்தது. "சொன்னேன், சொன்னேன்! அவ அப்ப கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு இருந்தா!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

ஒரே படிவம், இரண்டு கணக்கு. வருஷம் குடியரசுடையது, மாதம் நிலாவுடையது. படிவம் இரண்டையும் வாயைத் திறக்காமல் விழுங்கியிருக்கிறது. இந்த வருஷம் அந்த நாள் விழுவது மே ஒன்பதில். அவள் அதையே அடித்தாள். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நிமிடம். மூன்று. 200. சரி, உள்ளே வா என்பதன் சுருக்கம்.

புள்ளி குளத்திலிருந்து துள்ளி, ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. அங்கேயும் நிற்காமல் ஓடியது. ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. குளத்தில் மீன்கள் கலைந்தன. பிறைக்கட்டைக் கிழவர், "எந்திரிச்சுட்டா! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று குதித்தார். அவர் சொன்னது வேறு, ஆனால் யாரும் அதை நினைவுபடுத்தவில்லை.

"லாரி! லாரியில ஏறுங்க!" என்றான் அ-தாவ். மீன் ஏற்றும் சிறிய லாரி அது. அம்மாவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். கூடவே முன்பின் தெரியாத ஒன்பது பேர் ஏறினார்கள். வான்-ஜூ முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள்.

"எடது! இல்ல, வலது! ஐயோ, ஸ்கூலுக்குள்ள போயிட்டா!"

"ஸ்கூல்ல என்ன வேலை?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"வந்துட்டா, வந்துட்டா! வயக்காட்டுப் பக்கம்! அண்ணே, திருப்பு!"

லாரி ஒரு பாலத்தில் திரும்பியபோது புள்ளி நேராக அவர்களை நோக்கி வந்தது. அ-தாவ் பிரேக்கை மிதித்தான். பாலத்தின் மறுமுனையில் கொடி தெரிந்தது, மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன, பிறகு பல்லக்கே வந்தது. ஒன்பது பேரும் குதித்துச் சாலையில் வரிசையாகப் படுத்தார்கள். வான்-ஜூ அம்மாவை இறக்கி, குப்புறப் படுக்க வைத்து, தானும் பக்கத்தில் படுத்தாள். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. செருப்பில்லாத பாதங்கள் தலைக்கு இருபுறமும் தடதடத்தன. ஜரிகை முதுகை உரசியது. ஊதுபத்தி வாசம். மூன்று நொடியில் முடிந்துவிட்டது.

அம்மா எழுந்தாள். யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்தாள். காலை நீட்டினாள், மடக்கினாள், நாலு அடி நடந்தாள்.

"வான்-ஜூ! வலி இல்ல!"

"நல்லது. இந்தா, கையெழுத்து."

"எதுக்குக் கையெழுத்து? அதான் சரியாயிடுச்சே!"

வான்-ஜூ தாளை நீட்டியபடி நின்றாள். கத்தலாம் என்று பார்த்தாள், வந்தது சிரிப்பு. பாலச் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே இடுப்பை ஆட்டி ஆடிக் காட்டினாள். ஒன்பது பேரும் கைதட்டினார்கள். அ-தாவ் ஹாரன் அடித்தான்.

"சரிம்மா" என்றாள் வான்-ஜூ, மூச்சு வாங்க. "சரியாயிடுச்சுன்னா லாரியில நீயே ஏறு. போலாம்."

அம்மா லாரியைப் பார்த்தாள். படி இடுப்பு உயரத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்தாள், வலது காலை வைத்தாள், உடம்பை உந்தினாள். பாதி வழியில் முகம் கோணியது. அப்படியே தொங்கினாள். யாரும் கைதட்டவில்லை.

"அந்தத் தாளக் குடு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மீன்பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பெட்டி ஈரம். மை கொஞ்சம் பரவியது. நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரிப் பெண் தாளை முகர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.