கப்பல் வாங்க வந்தவர்கள்

திருட்டுப் படங்களுக்கு வசனம் மொழிபெயர்த்துப் போடும் அவளை இணையக் குழுவில் எல்லோரும் 'சப்டைட்டில் அக்கா' என்பார்கள். நிஜத்தில் அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பெயரையோ முகத்தையோ யாருக்கும் காட்டக்கூடாது என்பது குழுவின் சட்டம்.

அந்தக் குழுவுக்குத் திடீரென்று பெரிய ஆசை வந்தது. பழைய கப்பல் ஒன்றை வாங்கி, நடுக்கடலில் நிறுத்தி, எந்தப் போலீசும் தொட முடியாத தனி நாடாக்கிவிட வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் எல்லோரும் கப்பலைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அவளுக்குக் கப்பல் பெரிதில்லை. வருஷக்கணக்காகக் குழுவில் தினமும் அவளைச் சீண்டிச் சிரிக்க வைக்கும் 'கொசு'வை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

துறைமுகத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"கப்பல் வாங்க வந்தது யாருப்பா?" என்று கத்தினார் கப்பல்காரர்.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். முகம் காட்டாத பழக்கதோஷம்!

"சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார் ஒரு வழுக்கைத்தலையர்.

"நானும்தான்" என்றாள் அவள், தன்னையும் மீறி.

"நல்லா வாங்குங்க! அதுக்கு விலையும் கிடையாது!" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார் கப்பல்காரர்.

திரும்பும் பஸ்ஸில், குழுவில் கொசுவின் செய்தி வந்தது. "அக்கா, உன்னைப் பாக்கத்தான் வந்தேன். நீ வரவே இல்லையே?"

அவள் உடனே "வந்தேன்டா கொசு" என்று பதில் போட்டாள்.

முன் இருக்கைகளில் ஏழெட்டு போன்கள் ஒன்றாகச் சிணுங்கின. எல்லோரும் அவசரமாக அவற்றின் வாயைப் பொத்தினார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எந்தப் பிடரி அவனுடையது என்று தேடிக்கொண்டே அவள் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.