ஹோசியத் வீட்டு எலுமிச்சைப் போத்து

எங்கள் கட்டடத்தில் யாரும் யாரிடமும் செடி கேட்பதில்லை. திருடுவோம். கேட்டு வாங்கிய போத்து வேர் பிடிக்காது, கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் அன்றைக்கே வாடிவிடும், கொடுத்தவருக்குத் தெரியாமல் ஒடித்து வந்ததுதான் தழைக்கும் என்பது எங்கள் ஊர் ஃபெர்கானாவில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் மரியாதை தெரிந்த வீட்டுக்காரி, விருந்தாளியின் கண் ஜன்னல் பக்கம் போவதைப் பார்த்ததும், "டீ கொதிக்க நேரமாகும், உக்காந்திருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வரும்போது ஜெரேனியம் பூச்செடியில் ஒரு கொப்பு குறைந்திருக்கும், விருந்தாளியின் கைப்பை உப்பியிருக்கும். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஓய்வு பெறும்வரை நான் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செடி விஷயத்தில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்த முகம்தான். எனக்கும்தான்.

சமையலறைக்குப் போகாத ஒரே வீட்டுக்காரி, எனக்கு நேர் மேல் மாடியில் இருக்கும் ஹோசியத். அவள் வீட்டு ஜன்னலோரம் பெரிய மரத்தொட்டியில் ஓர் எலுமிச்சை. மெல்லிய தோல், உள்ளெல்லாம் சாறு, குளிர்காலத்தில் பூத்தால் மாடிப்படி முழுக்க மணக்கும். அந்த மரத்தை நட்டு வளர்த்தவர் அவளுடைய கணவர். அவர் இறந்த மறுநாளே மரம் அவள் வளர்த்ததாகிவிட்டது. யாராவது வந்தால், "லோபார், அக்காகூட வந்து உக்காரு" என்று மகளைக் காவலுக்கு உட்கார வைப்பாள். அப்படியும் வந்தவள் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தால், கத்தரிக்கோலை எடுத்து அவளே ஒரு கொப்பு வெட்டுவாள். "ஈரத் துணி சுத்திட்டு வரேன்" என்று உள்ளே கொண்டுபோய், அழகாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பாள். பெரிய மனசு!

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கீழ் வீட்டுக்காரி நட்டாள், கறுத்தது. எதிர் வீட்டுக்காரி நட்டாள், அழுகியது. நானும் வாங்கி நட்டேன், குச்சியாக நின்றது. போய்ச் சொன்னால் ஹோசியத் உச்சுக்கொட்டுவாள்.

"நன்றி சொல்லியிருப்பீங்க துர்சுனோய் அக்கா."

"சொல்லலையே!"

"அப்ப வேற ஒண்ணுமில்ல. துணியை நனைச்சுக் குடுத்தது என் மருமக. அவ கை பட்டா பச்சை பட்டுப்போகும். எனக்கு வாய்ச்சது அப்படி."

இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். தாழ்த்திய குரல் சமையலறைவரை நன்றாகக் கேட்கும்.

அந்த மருமகள் குல்சனம். ரிஷ்தானிலிருந்து வந்த பெண். விடியுமுன் முற்றம் பெருக்கி, ரொட்டி வாங்கி வந்து, அந்த எலுமிச்சையின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பவள் அவள்தான். அந்தக் கை பட்டு மரம் சாகவில்லையே என்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கலியாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தையில்லை. அவள் கணவன் எல்யோர் டாக்டரிடம் போக மாட்டான். அவனுக்கு என்ன குறை, அவன் அம்மாவே சொல்லிவிட்டாளே! எதுவும் துளிர்க்காத கை, எதுவும் தங்காத வயிறு என்று ஹோசியத் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். லோபாரின் கலியாணம் முடிந்ததும் குல்சனத்தை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. கலியாணம் வரைக்கும் ஏன் பொறுத்தார்கள் என்றால், அதுவரை சமைக்க ஆள் வேண்டும்.

இலையுதிர் காலத்தில் லோபாரை நிச்சயம் செய்ய மர்கிலானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரொட்டி பிட்டு வாக்குக் கொடுத்து முடிந்ததும், மாப்பிள்ளையின் அம்மா சனோபர் எழுந்து எலுமிச்சைப் பக்கம் போய் மோந்து பார்த்தாள்.

"சம்பந்தி, உங்க கைராசி பத்தி எங்க ஊர்லயும் பேச்சு. போத்து கேக்க மாட்டேன், கேட்டா பிடிக்காது. பொண்ணு வரும்போது உங்க கையால வேர் பிடிச்ச கன்னு ஒண்ணு கூட வரட்டும்."

"ஒண்ணா? அஞ்சாறு அனுப்பறேன்!" என்றாள் ஹோசியத்.

அன்று தாம்பாளம் தூக்க உதவிக்குப் போயிருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். டிக்கெட் எடுக்காத முகம்.

இரண்டு நாள் கழித்துக் குல்சனம் குப்பை வாளியோடு என் கதவைத் தட்டினாள். சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு கொப்பை உருவினாள். எலுமிச்சை.

"இலை துடைக்கும்போது ஒடிச்சேன் அக்கா. உங்க ஜன்னல்ல வச்சுக்கட்டுமா?"

"அடியே, தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா. உனக்கெதுக்கு இது?"

"என் கை செத்த கையான்னு எனக்கே தெரியணும். அவங்க சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." அவள் கண்ணில் நீர் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கு அனுப்பினா அனுப்பட்டும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

"அதான் தெரியுமேடி. நீ நனைச்ச துணியில சுத்தினது ஒண்ணுகூட..."

"துணியை நான் தொட்டதே இல்ல அக்கா." வாளியைக் கீழே வைத்தாள். "அத்தை கொப்போட உள்ள வருவாங்க. கெட்டில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் கொதிக்கிற தண்ணியில முக்குவாங்க. சுண்டு விரல் அளவுதான். வெளிய ஒண்ணும் தெரியாது. அப்புறம் அவங்களே துணி சுத்துவாங்க. நான் அடுப்படியிலதான நிப்பேன், கண்ணு இருக்கே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெந்துபோன குச்சிக்கு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றி, பாட்டுப் பாடாத குறையாகப் பேசியிருக்கிறேன்! மேலே போய் நாலு கேள்வி கேட்க எழுந்தேன். குல்சனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் அக்கா. முதல்ல இது பிடிக்குதா பார்ப்போம்."

அவள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொப்பைக் கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவினாள். இலைகளைப் பாதியாகக் கத்தரித்தாள். வாய்க்கால் மணலைக் கழுவி நிரப்பி, நட்டு, ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து மூடினாள். பிறகு ஜாடியைத் தொடவே இல்லை. குப்பை கொட்ட இறங்கும்போதெல்லாம் வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். எனக்கோ கை பரபரக்கும். "லேசா இழுத்துப் பார்க்கட்டுமாடி?" என்றால், "தூங்கறவங்களை எழுப்பி நல்லாத் தூங்கறீங்களான்னு கேப்பீங்களா?" என்பாள்.

மேல் மாடியில் வேறு கூத்து. ஊரே மெச்சும் கைராசிக்காரி வாழ்க்கையில் ஒரு போத்துகூட வேர் பிடிக்க வைத்ததில்லை. தனக்கு வேர் பிடிக்காதது அடுத்தவளுக்கும் பிடிக்கக் கூடாது என்றுதான் அந்தக் கெட்டில். இப்போது வெந்நீர் இல்லாமலே நட்டுப் பார்த்தாள். தேனில் தோய்த்து நட்டாள். கற்றாழைச் சாற்றில் ஊற வைத்தாள். உருளைக்கிழங்கில் செருகிப் புதைத்தாள்; கிழங்கு முளைத்தது. நட்ட குச்சியை ஒவ்வொரு நாள் காலையிலும் பிடுங்கி, வேர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செருகுவாளாம். அது போகும், இன்னொன்று வெட்டுவாள். மரம் பட்டாளத்தில் சேர்ந்த பையன் தலைபோல மொட்டையாகிக்கொண்டே வந்தது. குளிர் வந்து, குழாயில் வரும் கேஸ் மெலிந்து, வீடெல்லாம் உறைந்த வாரத்தில் மிச்சமிருந்த இலைகளும் கொட்டிவிட்டன. தொட்டியின் மேல் பூ வேலை செய்த சால்வையைப் போர்த்தி, "தூங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செத்ததற்குப் போர்வை எதற்கு!

கலியாணம் நெருங்கியது. ஹோசியத் வீடு வீடாக இறங்கினாள்.

"நான் குடுத்த போத்து எப்படி இருக்கு?" என்று குழைவாகக் கேட்டாளாம்.

எல்லோரும் தலை குனிந்து, "செத்துப்போச்சு அக்கா. நன்றி சொல்லித் தொலைச்சிட்டோம் போல" என்றார்களாம். பாவம், மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறார்கள்.

கடைசியாக என் வீடு. உள்ளே வந்தவள் ஜன்னலைப் பார்த்து அப்படியே நின்றாள். ஜாடியை எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. தொட்டியில் சாண் உயரக் கன்று, புதுத் துளிர்கள், உச்சியில் ஊதா விளிம்போடு ஒரு மொட்டு.

"இது... என் மரம்."

"உங்க மரத்தோட கொப்புதான்."

"நான் குடுத்ததா? பிடிச்சிடுச்சா?" பாதி மகிழ்ச்சி, பாதி கிலி. குடுத்தது பிடிக்க வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியுமே.

"நீங்க குடுத்தது இல்ல. உங்க மருமக திருடினது. அவ கை."

"அவளா? அவ கையிலயா?" வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "துர்சுனோய் அக்கா, என் பொண்ணு மானம் இதுல இருக்கு. போற வீட்டுல முதல் நாளே பொய்க்காரி மகள்னு பேர் வந்தா அவ தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

அந்த நேரம் பார்த்துக் குல்சனம் வாளியோடு வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருப்பாள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"எடுத்துட்டுப் போங்க அத்தை. லோபார் நல்லா இருக்கட்டும்."

ஹோசியத் தொட்டியை அணைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குல்சனத்தை அறைந்துவிடலாம் போலிருந்தது.

"பைத்தியமாடி உனக்கு? உன்னை மூட்டை கட்டி அனுப்பப் போறவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே! நாளைக்குத் தன் கையின்னுதான் சொல்லப் போறா."

"சொல்லட்டும், பார்ப்போம்" என்றாள் குல்சனம். "இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா. முன்ன தெரியாது."

பெண்ணை அழைத்துப்போக மர்கிலான் பெண்கள் வந்த அன்று வீடு கொள்ளவில்லை. எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சீர்வரிசைக்கு நடுவில், மெத்தைகளுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் மேலே, சிவப்பு நாடா கட்டிய எலுமிச்சைக் கன்று. சனோபர் நேரே அதனிடம்தான் போனாள். இலையைத் தொட்டாள், மொட்டை மோந்தாள்.

"என்ன தெம்பு பாருங்க! சொல்லுங்க சம்பந்தி, இது யார் கை?"

எல்லோரும் திரும்பினார்கள். ஹோசியத் தலைத்துணியைச் சரிசெய்து, நெஞ்சில் கை வைத்து, வாயைத் திறந்தாள்.

குல்சனம் உள்ளே வந்தாள். கையில் கெட்டில், அதன் மூக்கிலிருந்து ஆவி பறந்தது. விருந்தினருக்குத் தேநீர் ஊற்றுவது மருமகள் வேலைதானே, யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அவள் தேநீர்ப் பாத்திரத்துக்குப் போகவில்லை. கன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கெட்டிலை அதன் தண்டுக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து, மரியாதை குறையாத குரலில் கேட்டாள்.

"அத்தை, நீங்க வழக்கமா முக்கற மாதிரியே இவ்வளவு கொதி போதுமா? இல்ல இன்னும் கொதிக்கணுமா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீழ் வீட்டுக்காரியின் புருவம் மெல்ல ஏறியது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் வந்தால் போதும், அந்தக் கலியாண வீட்டில் ஹோசியத்தின் தலையில் ஒரு முடி மிஞ்சியிருக்காது. நான் வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தேன்.

"என்... என் மருமக" என்றாள் ஹோசியத். "மருமக கை சம்பந்தி. அவதான் வளர்த்தா."

"என்ன சொன்னீங்க? சத்தத்துல கேக்கல" என்றேன் நான். சத்தமே இல்லை.

"குல்சனம் கை!" என்று கத்தினாள்.

சனோபர் குல்சனத்தின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, உள்ளங்கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இப்படிப்பட்ட கையை வீட்டுல வச்சுக்கிட்டா சொல்லாம இருந்தீங்க? பத்திரமா வச்சுக்கோங்க சம்பந்தி. இவளை எங்கயும் அனுப்பிடாதீங்க."

"நானா? அனுப்பறதா?" என்றாள் ஹோசியத். அவள் பார்வை கெட்டிலை விட்டு நகரவில்லை.

குல்சனம் இன்னும் மேல் மாடியில்தான் இருக்கிறாள். மாமியார் திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு மருமகள்மேல் பாசம் பொங்கவில்லை, பயம்தான். எல்யோரை வசந்தத்தில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது யார் என்று கேட்காதீர்கள்; அதுவும் குல்சனம் கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டே பேசிய பேச்சுத்தான். எங்கள் கட்டடத்து ஜன்னல்களில் இப்போது எலுமிச்சை நிறைய. மேல் மாடி மரம் மொட்டையாவதற்கு முன்பே குல்சனம் என் வீட்டு உள்ளறையில் ரகசியமாக இன்னொரு போத்தையும் நட்டு வைத்திருந்தாள். அது தழைத்ததும் எல்லோரும் அதிலிருந்து ஒடித்துக்கொண்டு போனார்கள். நான் சமையலறையிலேயே குடியிருந்தேன்.

போன வாரம் ஹோசியத் வந்தாள். அவள் கண் ஜன்னல் பக்கம் போனது. நான் எழுந்து, "டீ கொதிக்க நேரமாகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கைப்பை உப்பியிருந்தது. மழையைப் பற்றிப் பேசினோம்.

அந்தப் போத்தை அவள் தினமும் காலையில் பிடுங்கிப் பார்க்கிறாளாம். குல்சனம் பக்கத்திலேயே நின்று தன் புதுக் கன்றின் இலைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்காதீங்க அத்தை என்று அவள் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் சொல்லவில்லை.