நாலாவது ஸ்க்ரூ

விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அப்பாவின் வலது கையிலிருந்து திருப்புளியை எடுக்க வேண்டியிருந்தது. மகள்தான் எடுத்தாள். அவள் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வாசல் கதவடியில் விழுந்து கிடந்தவரை இருவருமாகத் தூக்கிவந்து, கட்டிவைத்த சாமான் மூட்டைகளுக்கு நடுவே கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து, மாரடைப்பு மரணம் என்று எழுதிக்கொடுத்துப் போய்விட்டார்.

வாசல் பூட்டில் நாலு ஸ்க்ரூ. மூன்றைக் கழற்றி ஒரு டப்பா மூடியில் வரிசையாக வைத்திருந்தார்.

அந்த வட்டாரத்தில் பூட்டுக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். ஜப்தியாகும் வீடுகளுக்கு வங்கி அவரைத்தான் கூட்டிப்போகும். அவர் பூட்டை உடைக்க மாட்டார். பொறுமையாகக் கழற்றித் துடைத்து, வெளியே நிற்கும் வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் வங்கியின் பூட்டை மாட்டுவார். "வீடுதான் பேங்குக்கு. பூட்டு அவங்களோடது" என்பார். யார் அழுதாலும் அன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்கும். "கையெழுத்துப் போட்டவன் கட்டணும். ஊரான் தலையிலயா ஏத்த முடியும்?"

அப்படிப்பட்ட மனிதர்தான் மருமகனின் வேன் தொழிலுக்காக இந்த வீட்டை அடமானம் வைத்தார். தொழில் படுத்துவிட்டது. இன்று பத்து மணிக்குக் கெடு.

சொன்ன நேரத்துக்கு வங்கி அதிகாரி வந்தார், கூடவே புதுப் பூட்டோடு ஓர் ஆள். கட்டிலைப் பார்த்ததும் அதிகாரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"நேத்துகூட போன்ல பேசினாரே... 'ஆள் எதுக்கு சார், என் வீட்டுப் பூட்டை நானே கழட்டித் தர்றேன்'னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

"கொன்னுட்டு வந்து கதை சொல்றியா?" அண்ணன் பாய்ந்தான். "ஒரு மாசம் டைம் கேட்டோமே, குடுத்தியா?"

அண்ணன் சுவரோரம் நின்ற தங்கையின் கணவனிடம் திரும்பினான்.

"மாப்பிள்ளைக்கு இப்ப திருப்திதானே? நீட்டின இடத்துல கையெழுத்துப் போட ஒரு மாமனார் கிடைச்சாரில்ல!"

'நானாத்தான் போட்டேன்' என்றுதான் அப்பா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவள் கணவனும் அதைத்தான் நம்பியிருந்தான்.

"பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன்" என்றார் அதிகாரி. "மேல நான் பேசிக்கறேன்."

"வந்துதான் பாரேன்." அண்ணன் டப்பா மூடியை எடுத்தான். "மறுபடியும் மாட்டறேன். அப்பா சாவுக்கு நீங்க பதில் சொல்ற வரைக்கும் ஒருத்தன் உள்ள வரமுடியாது."

"மாட்டாதே அண்ணா."

"நீ சும்மா இரு."

"அவரைத் திட்டாதே. இவரையும் திட்டாதே. அப்பாகிட்ட கையெழுத்து கேட்டது நான். முடியாதுன்னுதான் சொன்னாரு. ரெண்டு நாள் சாப்பிடாம இதே கூடத்துல உக்காந்திருந்தேன். பொண்ணைவிட செங்கல் பெருசான்னு கேட்டேன். அப்புறம்தான் பேனாவை எடுத்தாரு."

மூடி சரிந்தது. ஒரு ஸ்க்ரூ உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் குனியவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

திருப்புளியோடு வாசலுக்குப் போனாள். நாலாவது ஸ்க்ரூ பழைய பெயின்ட் ஏறி இறுகிக் கிடந்தது. வந்த ஆள், "நான் பண்றேம்மா" என்று கை நீட்டினான்.

"வேண்டாம்."

இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை உள்ளங்கை கிழிந்தது. உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து அழுத்தித் திருகினாள். மெல்ல அசைந்து கொடுத்தது. பூட்டு மொத்தமாகக் கையில் விழுந்தது.

முந்தானையால் துடைத்தாள். ரத்தம் பட்ட இடத்தை மறுபடி துடைத்தாள். பிறகு கட்டிலில் கிடந்த வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போனாள். அப்பாவின் வலது கை திருப்புளியைப் பிடித்த வாகிலேயே மடங்கியிருந்தது. அதற்குள் பூட்டு நுழையவில்லை. பக்கத்தில் வைத்தாள்.