மூன்று படத்திலும் ஒரே கீறல்

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் ஈயக் குண்டு எந்தப் போரில் சுட்டது என்று நான் சீட்டு எழுத வேண்டும். தப்பாக எழுதினால் என் பெயர்தான் நாறும். மருமகன் போனை நீட்டினார்.

"மூணு இணையதளமும் ஒரே போரைத்தான் சொல்லுது. இன்னும் என்ன மாமா சந்தேகம்?"

"அவங்க போட்டிருக்கற குண்டுப் படம் மூணுலயும் அதே கீறல் இருக்கு பாருங்க மாப்பிள்ளை. ஒருத்தன் போட்டதை மத்தவனுங்க காப்பியடிச்சிருக்கானுங்க."

எந்தப் போரில் எந்த அளவுக் குண்டு என்று போட்ட புத்தகம் ஒன்று நூலகத்தில் கிடைத்தது. குண்டின் நசுங்காத அடிப்பக்கத்தை அளந்து பார்த்தேன். தளங்கள் சொன்ன போருக்கும் முந்தைய போரின் குண்டு அது. வேறொருவர் தானே அளந்து எழுதிய புத்தகமும் அதையே சொன்னது.

"இந்த ரெண்டு புத்தகத்தையாவது நம்புறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

சீட்டில் அந்தப் போரை எழுதி, கீழே இரண்டு புத்தகங்களின் பெயரையும் எழுதினேன். என்னையும் யாரும் சும்மா நம்ப வேண்டாம்.